ஏழு கல் எண்ணிய நடை

அந்தப் பூங்காவில் ஆறு மாதம் கிட்டத்தட்ட தினமும் நடந்திருக்கிறேன். ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. பெஞ்சுகள் இருந்தன. சறுக்கு மரத்துக்கு எதிரே இரண்டு, குட்டைக் கரையில் நாலு. அவற்றில் யார் யார் உட்காருவார்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஆவடிப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் ஓய்வுபெற்ற மனிதர்கள் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்பார்கள். மூங்கில் புதர் ஓரத்துப் பெஞ்சில் காதலிப்பவர்கள். தைலமரத்தடியில் துண்டு விரித்துச் சீட்டாடுகிறவர்கள். எல்லாரையும் தாண்டி நான் நடந்துகொண்டிருப்பேன், என் வீட்டுக்காரருக்கு ஒரு கை தூரம் பின்னால். விழுந்தால் பிடிக்க வேண்டும் என்பதற்காக.

பூங்கா என்றால் பூ ஒன்றும் பெரிதாகக் கிடையாது. திருமுல்லைவாயிலில் எங்கள் காலனியைத் தாண்டி, காட்டு இலாகா வேலி போட்டு வைத்திருந்த ஒரு துண்டுக் காடு அது. வேம்பு, புங்கன், நாவல், நுணா, இடையிடையே ஈச்சம் புதர். நடுவில் ஒரு குட்டை. குட்டையைச் சுற்றி ஒற்றையடிப் பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, செம்மண் கொட்டி, நடைபாதை என்று பலகை வைத்திருந்தார்கள். நாங்கள் காட்டுப் பார்க் என்போம். எண்பதுகளின் கடைசி. சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டிருந்தார்களே தவிர, வீடுகள் நெருங்கி வரவில்லை. செம்போத்து கூப்பிடுவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அவருக்கு ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம் லேத் ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு வாய் ஓரளவு திரும்பியது, கால் இழுத்து இழுத்து நடந்தது, கை தொங்கியது. கம்பெனியில் நல்ல மனிதர்கள்தான். "பொங்கல் வரைக்கும் இடம் காலியா வச்சிருக்கோம். தானா நடந்து கேட்டுக்குள்ள வரட்டும், வேலை உண்டு. இல்லேன்னா ஒரு கையெழுத்துப் போட்டு, கணக்கு முடிச்சுப் பணத்தை வாங்கிக்கட்டும்" என்று ஃபோர்மேன் என்னிடம் சொல்லி அனுப்பினார். அந்தக் கையெழுத்தைப் போடும் கைதான் வராது என்பது ஃபோர்மேனுக்கு அப்போது தோன்றவில்லை.

நான் அதே எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டும் வேலையில் இருந்தேன். மேஜை இடுப்பளவு, ஸ்டூல் கிடையாது. எட்டு மணி நேரம் நின்ற காலில். எங்கள் பட்டறைப் பெண்கள் சொல்வார்கள்: "ஆம்பளைக்கு வேலை முடிஞ்சா வீடு, பொம்பளைக்கு வேலை முடிஞ்சா வேற வேலை." பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கி, பெண் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் பாடம் படிக்க விட்டுவிட்டு, இவரைக் கிளப்பிக்கொண்டு பார்க்குக்கு வந்தால் ஐந்தே முக்கால் ஆகிவிடும். ராத்திரி உப்புத் தண்ணீரில் காலை வைத்தால் கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாது.

டாக்டர் ஏழு சுற்று நடக்கச் சொல்லியிருந்தார். அங்கேதான் சிக்கல். இவருக்கு எண்கள் நழுவிப் போயிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று வரும். அடுத்து ஒன்பது வரும். ஒன்பதிலிருந்து நேராக இரண்டுக்குப் போவார். ஒரு நூல் அளவு பிசகாமல் இரும்பைக் கடைந்தவர். நான் எண்ணிச் சொன்னால் கோபம் வரும். "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்பார். எங்கள் மாதா கோயிலில் பாடற்குழுவில் பாடும் அக்கா ஒருத்தி, "ஜெபமாலை எதுக்கு இருக்கு? ஒரு சுத்துக்கு ஒரு மணி தள்ளுங்க" என்று யோசனை சொன்னாள். அதற்கு இவர், "மாதா கையில குடுத்தது ஜெபத்துக்கு. என் காலை எண்றதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டார். பேச்சு குளறினாலும் நியாயம் குளறவில்லை.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குட்டையின் மேற்கு மூலையில் ஒரு பெரிய வேம்பு. அதைச் சுற்றி முட்டி உயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். அதன் மேல் இடது ஓரத்தில் ஏழு கருங்கல் துண்டுகள், உள்ளங்கையளவு. ஒரு சுற்று முடிந்து வரும்போது இடது கையால் ஒரு கல்லை எடுத்து வலது ஓரத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பார். ஏழும் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் அங்கிருந்து இங்கே. லேத்காரர் அல்லவா, வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

ஆவணி முழுக்க இப்படி நடந்தது. மூன்று கல்லில் ஆரம்பித்து ஐந்துக்கு வந்து ஏழுக்கு வந்தார். நான் பின்னாலேயே. குட்டையில் நீர்க்கோழி இருந்ததாம், குஞ்சு பொரித்ததாம், எல்லாரும் நின்று பார்த்தார்களாம். நான் பார்த்தது அவருடைய வலது குதிகாலை மட்டும்தான். அது செம்மண்ணில் கோடு போடுகிறதா, தூக்கி வைக்கிறதா என்று.

ஒரு சனிக்கிழமை முதல் சுற்று முடித்துக் கல்லை எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசியிருந்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். எதிரே ஒரு வெற்றிலை, மேலே இரண்டு வாழைப்பழம்.

வேம்பின் அடியில், குட்டைக் கரையில், வரிசையாக நிற்கிற ஏழு கல். அந்தப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர்கள் யார் பார்த்தாலும் அது ஏழு கன்னிமார்தான். ஏரிக்கரைகளில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தோன்றாமல் போனது எங்கள் தப்பு.

இவர் தயங்கித் தயங்கி ஒரு கல்லைத் தொட்டார். உடனே ஈச்சம் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அய்யய்ய! இன்னாம்மா இது, உன் ஊட்டுக்காரரு பீச்சாங்கையால கன்னிமாரைத் தொடுறாரு! நீயும் பார்த்துகினு நிக்கிறியே!"

புல் அறுக்கும் அம்மா அவள். காட்டு இலாகாவில் சொல்லிவைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுக்க வருவாள். பழைய ஊர் விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போய், மாடு மட்டும் மிச்சம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். கருக்கரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்தக் கல்லு நாங்க வச்சதும்மா" என்றேன்.

"கல்லு உன்னுதுன்னா சாமியும் உன்னுதா?"

இவர் கையை எடுத்துவிட்டார். அன்றைக்கு இரண்டு சுற்றா மூன்றா தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினோம்.

மறுநாள் பூசைக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் கொஞ்சம் தள்ளி ஒரு புங்க மரத்தடியில் புதிதாக ஏழு கல் பொறுக்கி வைத்தேன். திங்கட்கிழமை போனால் அதற்கும் மஞ்சள். சரி, எண்ணிக்கைதான் கோளாறு என்று நாவல் மரத்தடியில் ஆறு கல் மட்டும் வைத்தேன். செவ்வாய்க்கிழமை யாரோ புண்ணியவதி, ஒன்று குறைகிறதே என்று ஏழாவது கல்லைத் தேடிக் கொண்டுவந்து வைத்து, குங்குமமும் வைத்துவிட்டிருந்தாள்.

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

பார்க்குக்குக் காவலர் ஒருவர் உண்டு, காக்கி அரைக்கைச் சட்டை. அவர் வந்து, "கவர்மெண்டு எடத்துல சாமி கீமி வைக்கக் கூடாது, எடுங்க எல்லாத்தையும்" என்று சத்தம் போட்டார். புல்லுக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீயே எடு நைனா. உனக்குத்தான் சம்பளம் தர்றான்." அவர் வேப்ப மரம் வரைக்கும் போனார், கையை நீட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "ரேஞ்சர் வந்து எடுக்கட்டும், எனுக்கு இன்னா."

ஏழு புளியங்கொட்டையை இவர் சட்டையின் இடது பையில் போட்டுப் பார்த்தேன். இடது கையால் எடுத்து வலது பைக்குப் போட வராமல் மண்ணில் சிந்தியது. குனிந்து பொறுக்கியது நான். எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். "போதும். போலாம்" என்றார்.

அதன் பிறகு ஒன்பது நாள் அவர் வரவில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, "எழுந்திரிங்க, போகலாம்" என்று தினமும் கெஞ்சுவேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அது இப்ப சாமி. அவங்க சாமிய நான் எடுத்து வச்சி வெளையாடக் கூடாது" என்பார். சாமி மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அவரே கண்டுபிடித்த ஒரு வழி அது. அது போனதும், அவர் கையில் இருந்த கடைசித் தொழிலும் போன மாதிரி ஆகிவிட்டது. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் பாதை சேறாகும். பொங்கலுக்கு மூன்று மாதம். ஒன்பதாம் நாள் அவர் எழுந்தபோது கால் மறுபடி தரையில் கோடு போட்டது.

மறுநாள் பட்டறையிலிருந்து நேராகப் பார்க்குக்குத் தனியாகப் போனேன். சண்டை போடத்தான். வெள்ளிக்கிழமை அது, ராத்திரி டிவியில் சினிமாப் பாட்டுப் பார்க்க எல்லாரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள், பார்க்கே காலி. புல்லுக்கார அம்மா கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க மஞ்சளால எங்க வீட்டு அடுப்பு அணையப் போவுது" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கை இழுத்தது, எண் மறந்தது, ஏழு கல், பொங்கல் கெடு. கோபமாகத்தான் ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. அவள் புல் கட்டின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் மாடு ரெண்டு ஈத்து செத்த கன்னா போட்டுச்சிம்மா" என்றாள் கடைசியில். "இது மூணாவது. அப்ப நெறமாசம். இன்னா செய்றது, எந்தச் சாமிய கேக்குறதுன்னு இங்கதான் பொலம்பிகினு இருந்தேன். திரும்பிப் பாக்கறேன், ஏழு பேரும் வரிசையா நிக்கிறாங்க. கூப்டதுக்கு வந்துட்டாங்கன்னு நெனச்சேன். பக்கத்துல பக்கத்துல வேற வந்தாங்களா, நெஞ்சே அடைச்சிப் போச்சி." பிறகு கேட்டாள், "முந்தாநேத்து ஈன்டுச்சி. உயிரோட. கெடேரி. இப்பப் போயி, அது உன் புருசன் கால் கணக்குன்னா, நான் இன்னாம்மா செய்யட்டும்?"

அவள் எழுந்தாள், நான் புல் கட்டை அவள் தலைக்குத் தூக்கிவிட்டேன். தவிட்டுக் குருவிகள் ஏழெட்டு எங்கள் காலடியில் கத்திக்கொண்டு திரிந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் நிற்கிறாள். கையில் தூக்குச் சட்டி, நிறையச் சீம்பால்.

"கல்லு வச்சவருக்கு" என்று இவரிடம் நீட்டினாள். "அண்ணாத்தே, நான் தெரியாம பூசிட்டேன். இனி அதைத் தொட வேணாம், நீ தொட்டாலும் தப்பு, நான் அழிச்சாலும் தப்பு. கணக்கு நான் வச்சிக்கிறேன். நீ சுத்து. எனுக்குப் புல்லு அறுக்க கைதான் வோணும், வாயி சும்மாதான கீது."

இவர் என்னைப் பார்த்தார். வெல்லம் போட்டு ஏலக்காய் தட்டிச் சீம்பாலை அவித்துக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய். பிறகு, "என்னா நெறம்?" என்று கேட்டார். கன்றைத்தான்.

"செவலை" என்றாள் அவள். "நெத்தியில வெள்ளை."

அன்று சாயங்காலம் வந்தார். முதல் சுற்று முடிந்து வேப்ப மரத்தைத் தாண்டும்போது ஈச்சம் புதருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"லாபம்!"

கிரிக்கெட் கேட்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலர், "இன்னாம்மா, மரத்தை ஏலம் வுட்றியா?" என்றார்.

"உனுக்கு இன்னா தெரியும்? களத்துல நெல்லு அளக்கிறப்ப மொதப் படிய எவனாவது ஒண்ணுன்னு சொல்லுவானா? லாபம்னுதான் சொல்லணும். ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னுடும்." அடுத்த சுற்றுக்கு, "ரெண்டு!"

நான் எண்ணினால் கோபப்படுகிற மனுஷன், அவள் எண்ணினால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அளந்துகொண்டிருந்தாள். அதுதான் வித்தியாசம் என்று பிறகு யோசித்துப் புரிந்துகொண்டேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கத் தெரிந்தவள் அவள். நான் அலுத்துப்போய்க் கறந்திருக்கிறேன்.

ஐப்பசி மழையில் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எண்ணினாள். குட்டை நிரம்பிப் பாதையைத் தொட்டது. ஏழு எட்டாகி, பத்தாகி, மார்கழியில் பன்னிரண்டில் வந்து நின்றது. அதற்குமேல் போனால் நன்றாக இருட்டிவிடும். எப்போது தொடங்கியது என்று தெரியாது. அவள் "லாபம்" என்று கத்தும் முன்பே இவர் வாய் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் அவள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். இவரே, "அஞ்சு" என்றார். சரியாக ஐந்துதான்.

கோயிலில் பாடற்குழு அக்கா என் காதில் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் கன்னிமாரைப் பன்னெண்டு சுத்து சுத்தறாராமே?" "பாதை அப்படிப் போட்டிருக்காங்கக்கா" என்றேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அப்போதெல்லாம் நான் நடந்துகொண்டே ஒரு நொடி தூங்கிவிடுவேன். அவர் முதுகில் முட்டிக்கொண்டு விழித்தது இரண்டு தடவை நடந்திருக்கிறது.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரோடு கம்பெனிக்குப் போனேன். கேட்டிலிருந்து மிஷின் ஷாப் வரைக்கும் அவரே நடந்தார். நான் முதல் தடவையாக ஒரு கை தூரத்துக்கும் பின்னால் நின்றுகொண்டேன். குதிகால் தூக்கித்தான் வைத்தார். ஃபோர்மேன் லேத் பக்கத்தில் நின்று, கடைய வேண்டிய இரும்புத் துண்டை நீட்டி, "வாய்யா, ஜாப்ப மாட்டு பாப்போம்" என்றார். வலது கை துண்டை இறுக்கும் சாவியான சக் கீயைப் பிடித்தது, திருக வரவில்லை. ஃபோர்மேன் வேறு பக்கம் பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் திடீரென்று அவரவர் மிஷினில் மும்முரமானார்கள்.

ஃபோர்மேன் சக் கீயை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஸ்டோர்ல ஆள் கேக்கறாங்க. நட்டு, போல்ட்டு எண்ணிக் குடுக்கற வேலை. எண்ண வருமா?"

ஆறு மாதம் காலுக்காக அலைந்தோம். இவர்கள் கேட்டது எண்ணிக்கையை.

ஒரு தட்டில் நட்டுகளைக் கொட்டினார். இவர் இடது கையால் ஒன்றைத் தள்ளினார்.

"லாபம்."

ஃபோர்மேன் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு. மூணு. நாலு." நான் அந்தோணியாரையும் வேண்டிக்கொண்டேன், மறைத்துச் சொல்வானேன், மஞ்சள் பூசிய ஏழு பேரையும் வேண்டிக்கொண்டேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அங்கே நின்றார். பதின்மூன்றாவது சுற்று அவர் நடந்ததே இல்லை. உதடு அசைந்தது, எண் வரவில்லை. பிறகு ஒரு நட்டைத் தனியாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் நிறுத்தி வைத்தார். திரும்ப முதலிலிருந்து, "லாபம்."

இரண்டாவது பன்னிரண்டு முடிந்ததும் ஓரத்தில் இரண்டாவது நட்டு நின்றது, நூல் பிடித்த மாதிரி.

"டஜன் கணக்குல போறான்" என்றார் ஃபோர்மேன் யாரிடமோ. அப்புறம் இவரிடம், "எங்க அப்பாவும் களத்துல லாபம்னுதான்யா ஆரம்பிப்பாரு. கேட்டு எத்தினி வருசம் ஆச்சு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு" என்றார்.

மறுநாள் அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். திரும்ப ஏழு மணி ஆகும். நான் வழக்கம்போல ஐந்தரைக்கு இறங்கினேன். வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? கால் பார்க்குக்குப் போயிற்று. செக்குமாட்டை அவிழ்த்துவிட்டாலும் சுற்றித்தான் வரும் என்பார்கள்.

ஈச்சம் புதருக்குப் பின்னாலிருந்து தலை நிமிர்ந்தது. "எங்க உன் ஊட்டுக்காரரு?"

"வேலைக்குப் போயிட்டாரு. ஸ்டோர்ல."

அரிவாளைக் கீழே போட்டாள். நேராக வேப்ப மரத்து மேடைக்குப் போய், ஏழு கல்லுக்கும் முன்னால் இருந்த காய்ந்த பூவையும் வெற்றிலையையும் முந்தானையால் ஓரம் தள்ளினாள். ஒரு ஆள் அளவுக்கு இடம் வந்தது.

"வா, உக்காரு."

"இங்கயா? சாமி பக்கத்துலயா?"

"உக்காரும்மா. ஆறு மாசமா பாக்கறேன், நின்னுகினே கீற. அவங்களும் பொம்பளைங்கதான், நின்ன காலு வலி அவங்களுக்குத் தெரியாதா?"

உட்கார்ந்தேன். சிமெண்ட் இன்னும் வெயில் சூட்டோடு இருந்தது. செருப்பைக் கழற்றினேன். எதிரே குட்டையில் ஒரு நீர்க்கோழி போய்க்கொண்டிருந்தது, பின்னால் குஞ்சுகள். அவை எத்தனை என்று நான் எண்ணவில்லை.